வயலில் கிடந்தவன்: உபாகமம் 21:1-9 பற்றிச் சில குறிப்புகள்

நம்ம ஊரில் ஒருத்தரைப் பற்றி "அவர் கை கழுவிட்டார்" என்று சொன்னால் அது பாராட்டு இல்லை. பொறுப்பிலிருந்து நழுவிவிட்டார் என்று அர்த்தம். பைபிள் படித்தவர்களுக்கு உடனே பிலாத்து ஞாபகத்துக்கு வருவான். கூட்டத்துக்கு முன்னால் தண்ணீர் எடுத்துக் கை கழுவிவிட்டு, கண்ணெதிரே நிற்கிற ஒருத்தனைச் சாக அனுப்பியவன்.

இந்தப் பின்னணியோடு உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களைப் படித்தால் எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது. ஒரு கொலை நடந்திருக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு மாட்டைக் கொன்று, அதன்மேல் கை கழுவி, நாங்க இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதைவிடச் சௌகரியமான சட்டம் உண்டா?

அதன்பிறகு சில வருஷமாக விட்டுவிட்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த எரிச்சல் பாதி போய்விட்டது, பாதி இடம் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம், என் வார்த்தைகளில். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். செய்தது யாரென்று தெரியாது. மூப்பர்களும் நியாயாதிபதிகளும் வந்து, பிணம் கிடக்கிற இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்கிறார்கள். எந்த ஊர் மிகக் கிட்டே இருக்கிறதோ, அந்த ஊர் மூப்பர்கள் இதுவரை வேலை வாங்கப்படாத, நுகத்தடி ஏறாத ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓடைப் பள்ளத்துக்குப் போகிறார்கள். உழாத, விதைக்காத இடம். அங்கே அதன் பிடரியை முறிக்கிறார்கள். அதன்மேல் கை கழுவுகிறார்கள். இந்த இரத்தத்தைத் தங்கள் கைகள் சிந்தவில்லை, தங்கள் கண்கள் பார்க்கவும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். குற்றமற்ற இரத்தத்தின் பழியைத் தங்கள் மக்கள் நடுவில் வைக்காதிருக்கும்படி கடவுளிடம் கேட்கிறார்கள். யூத மரபில் இதற்கு எக்லா அரூஃபா என்று பெயர். பிடரி முறிக்கப்பட்ட கிடாரி.

பழைய கோடைப் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒன்பது வசனத்தில் சில விஷயங்கள் உடனே உறுத்தும். தூரம் அளக்க மூப்பர்களோடு வந்த நியாயாதிபதிகள் அடுத்த வசனத்திலேயே காணாமல் போகிறார்கள். ஐந்தாம் வசனத்தில் லேவியின் புத்திரராகிய ஆசாரியர்கள் வருகிறார்கள், அவர்களுடைய அதிகாரத்தைப் பற்றி நீளமாக ஓர் அறிமுகம் இருக்கிறது, ஆனால் சடங்கில் அவர்கள் ஒன்றுமே செய்வதில்லை. எல்லாம் முடிந்தபிறகு அப்ரூவர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பெரிய மனுஷர் மாதிரி சும்மா நிற்கிறார்கள். பிற்காலத்தில் ஒட்டப்பட்ட வசனம் என்று பல ஆய்வாளர்கள் சொல்வதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூப்பர்கள், ஒரு மாடு, கொஞ்சம் தண்ணீர், ஒரு வாக்குமூலம்.

இது பலி இல்லை என்பதையும் கவனிக்கணும். பலிபீடம் கிடையாது, கழுத்தை அறுத்து இரத்தம் பிடிப்பது கிடையாது, இறைச்சியைச் சாப்பிடுவது கிடையாது. மீட்கப்படாத கழுதையின் தலையீற்றுக்கு யாத்திராகமம் 13இல் சொல்லப்படுவதும் இதே பிடரி முறிப்புதான். டேவிட் ரைட் 1987இல் எழுதிய கட்டுரையில் இதை 'அகற்றும் சடங்கு' என்கிறார். நடந்த கொலையை ஊருக்கு வெளியே, பயிர் செய்யாத ஓரிடத்தில் இன்னொரு தடவை நடத்திக் காட்டி, இரத்தத்தின் தீட்டை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது. சடங்கின் இயக்கத்துக்கு இது நல்ல விளக்கம்தான். ஆனால் வாக்குமூலத்தில் கைகளோடு கண்கள் எதற்கு வருகின்றன என்பதற்கு இதில் பதில் இல்லை. தீட்டைக் கழிக்க "நாங்க கொல்லலை" என்பது போதுமே?

அதுக்குப் போவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

யார் செய்ததென்று தெரியாத குற்றத்துக்கு ஊரைப் பொறுப்பாக்குவது இஸ்ரவேலர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிற ஹம்முராபி கல்லில் 23, 24ஆம் சட்டங்கள் இதைத்தான் பேசுகின்றன. பொ.ஆ.மு. 18ஆம் நூற்றாண்டு. கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால், பறிகொடுத்தவன் இழந்ததைக் கடவுள் முன்னால் சொல்லவேண்டும். கொள்ளை நடந்த பகுதியின் ஊரும் ஆளுநரும் அதை ஈடுகட்டவேண்டும். உயிர் போயிருந்தால் செத்தவனுடைய உறவினருக்கு ஒரு மினா வெள்ளி. ஏறக்குறைய அரைக் கிலோ. ஹிட்டைட் சட்டத்தின் பிற்காலப் படி இன்னும் சுவாரசியம். பிணம் கிடந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் இருந்தால் அவன் கொடுக்கவேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்றால் நாலு பக்கமும் குறிப்பிட்ட தூரம் அளந்து, அதற்குள் அகப்படுகிற ஊரிடம் வசூலிக்கவேண்டும். அதற்குள் ஊரே இல்லையென்றால் உறவினருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆக, அளக்கும் கயிறு உபாகமத்துக்கு முன்பே இருந்தது.

வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரிய வித்தியாசம். பக்கத்து நாடுகளில் அளந்து முடித்ததும் வெள்ளி கைமாறுகிறது. உபாகமத்தில் காசு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதற்கு மோஷே கிரீன்பெர்க் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை வைத்து விளக்கம் சொல்வது வழக்கம். பைபிள் சட்டத்தில் உயிருக்கு விலை கிடையாது. எண்ணாகமம் 35 கொலைகாரனுக்காக மீட்புப்பணம் வாங்கவே கூடாது என்கிறது. உயிரும் சொத்தும் வேறு வேறு தராசு. அதனால் ஊர் காசு கொடுத்துத் தப்பிக்க முடியாது. படிக்கும்போது மனசு நிறைகிற மாதிரிதான் இருக்கிறது. நானும் கொஞ்ச நாள் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தோன்றியது: செத்தவனுடைய பெண்டாட்டி இந்த ஒன்பது வசனத்தில் எங்கே இருக்கிறாள்? இல்லவே இல்லை. பாபிலோனில் அவளுக்கு அரைக் கிலோ வெள்ளி கிடைத்திருக்கும். இங்கே அவளுக்குக் கிடைப்பது, முன்பின் தெரியாத மூப்பர்கள் எங்கேயோ ஒரு பள்ளத்தில் மாட்டைக் கொன்றார்கள் என்ற செய்தி, அதுவும் வந்து சேர்ந்தால். 24ஆம் அதிகாரத்தில் அறுவடையில் மறந்துவிட்ட கதிர்க்கட்டைக்கூட விதவைக்கும் அநாதைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்கிற அதே புத்தகம் இது. உயிருக்கு விலை வைக்க மாட்டோம் என்ற கொள்கைக்கான செலவை இங்கே ஊர் ஏற்கவில்லை, அவள் ஏற்கிறாள். கிரீன்பெர்க்கைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கணும்.

இன்னொன்றும் உண்டு. இதே 21ஆம் அதிகாரத்தின் கடைசியில், தூக்கி மரத்தில் தொங்கவிடப்பட்ட குற்றவாளியின் உடலை இரவு முழுக்க விடாமல் அன்றைக்கே அடக்கம் செய்யச் சொல்லியிருக்கிறது. வயலில் கிடந்தவனை அடக்கம் செய்யச் சொல்லி வாசகத்தில் எதுவும் இல்லை. செய்திருப்பார்கள், சொல்லவே வேண்டியதில்லை என்று விட்டிருக்கலாம். இருந்தாலும் சட்டத்தின் பார்வை அவன்மேல் நிற்கவில்லை என்பது உறுத்துகிறது. பிணத்திலிருந்து கயிறு ஊரை நோக்கிப் போகிறது, கண்ணும் அதோடு போய்விடுகிறது.

அப்படியென்றால் காசை விட்டுவிட்டு உபாகமம் கேட்பது என்ன? ஊரின் மிக மரியாதைக்குரிய ஆட்கள் எல்லாரும் பார்க்க நின்று, தங்கள் கைகளைப் பற்றியும் கண்களைப் பற்றியும் உண்மை சொல்வது. வெள்ளி கொடுத்தால் வாயைத் திறக்கவேண்டியதில்லை. கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு யாரும் யாரையும் பார்க்காமல் போய்விடலாம். இங்கே பேசியாகணும். அதுவும் "நாங்கள் கொல்லவில்லை" என்பதோடு முடியாது, "நாங்கள் பார்க்கவும் இல்லை" என்று சேர்த்துச் சொல்லணும்.

இந்த இரண்டாவது பாதியின் கனம் எனக்கு வேலை செய்கிற இடத்தில்தான் புரிந்தது. பல வருஷத்துக்கு முன் நான் இருந்த ஒரு கம்பெனியில் ராத்திரி முழுக்க சர்வீஸ் விழுந்து கிடந்தது. மறுநாள் எங்கள் துறை வழக்கப்படி போஸ்ட்மார்ட்டம் (அந்த வார்த்தையை நாங்கள் எவ்வளவு சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம் பாருங்கள்). ஒவ்வொரு டீமும் தன் லாகைக் காட்டியது. எங்க பக்கம் எர்ரர் இல்லை, எங்க டிப்ளாய்மென்ட் இல்லை. எல்லாம் உண்மை. கடைசியில் மூலகாரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி மூடினோம். ரொம்ப நாள் கழித்து ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார், அன்றைக்குச் சாயங்காலமே அலர்ட் வந்தது, அடிக்கடி வருகிற அலர்ட்தானே என்று மியூட் பண்ணிட்டேன் என்று. அந்தக் கூட்டத்தில் எல்லாருடைய கையும் சுத்தம். கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உபாகமம் கேட்கிறது. பொ.ஆ. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ரபிமார் அந்தக் கேள்வியை இன்னும் நீட்டுகிறார்கள்.

மிஷ்னாவின் ஸோட்டா பகுதியில் ஒன்பதாம் அதிகாரம் முழுக்க இதுதான் தொடக்கம். எங்களைப் போன்றவர்களுக்கு அது விருந்து, ஏனென்றால் பாதிக்குமேல் எட்ஜ் கேஸ்தான். பிணத்தின் எந்த இடத்திலிருந்து அளப்பது? ரபி எலியேசர் தொப்புளிலிருந்து என்கிறார், ரபி அக்கிவா மூக்கிலிருந்து, இன்னொருவர் கழுத்திலிருந்து. தலை ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் கிடந்தால் எதை எதனிடம் கொண்டுபோவது? சிரிப்பு வரும். ஆனால் ஒரு முழம் தள்ளிப்போனால் பழி பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்கிறபோது யார்தான் சண்டை போடமாட்டார்கள்?

சிரிப்பு வராத வரிகளும் அங்கேயே இருக்கின்றன. கற்குவியலுக்குள் புதைந்திருந்தால், மரத்தில் தொங்கினால், தண்ணீரில் மிதந்தால் சடங்கு கிடையாது, ஏனென்றால் வசனம் நிலத்தில், வெளியில் கிடப்பவனைச் சொல்கிறது. எல்லையோரத்தில் கிடந்தால், அல்லது புறவினத்தார் அதிகம் வாழும் ஊருக்கு அருகில் கிடந்தால் அளப்பதே இல்லை. எருசலேம் கிடாரி கொண்டுவராது. இவை ஒவ்வொன்றுக்கும் சொல் பிடித்துக் காரணம் காட்டப்படுகிறது. இருக்கட்டும். விளைவைப் பார்த்தால், பிணத்தை மறைக்கிற அளவு புத்தியுள்ள கொலைகாரன் ஊரைச் சடங்கிலிருந்து காப்பாற்றிவிடுகிறான், நாட்டின் முக்கியமான நகரம் இந்த வாக்குமூலத்திலிருந்து நிரந்தர விலக்கு பெறுகிறது. பொறுப்பை வட்டம் போட்டுக் காட்டுகிற சட்டம் எதுவானாலும் வட்டத்துக்கு வெளியே யாரை நிறுத்துகிறது என்று பார்ப்பது நல்லது.

இதெல்லாம் சொன்ன அதே அதிகாரம்தான் திடீரென்று நின்று கேட்கிறது: நீதிமன்றத்து மூப்பர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது நினைத்தார்களா, பிறகு ஏன் இப்படிச் சொல்லவேண்டும்? அதற்குக் கொடுக்கிற பதிலில் வாக்குமூலத்தின் பொருளே மாறிவிடுகிறது. அவன் எங்களிடம் வந்து நாங்கள் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பவில்லை, அவனைப் பார்த்தும் வழித்துணை இல்லாமல் விட்டுவிடவில்லை என்பதுதான் மூப்பர்கள் சொல்வதாம். இப்போது "கண்கள் பார்க்கவில்லை" என்பது சாட்சி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. ஊர் வழியாகப் போன ஒரு வழிப்போக்கனை இந்த ஊர் ஆளாக மதித்துப் பார்த்ததா என்பது.

எருசலேம் தல்மூத்தில் இதற்கு ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. எனக்கு இந்த முழு விவாதத்திலும் மிகப் பிடித்தது அதுதான். இந்தச் சாப்பாடு, வழித்துணை விளக்கம் 'அங்கே' உள்ள, அதாவது பாபிலோனிய ரபிமாருடையது, அவர்கள் வாக்குமூலத்தைக் கொலையுண்டவனைப் பற்றியதாக எடுத்துக்கொள்கிறார்கள். 'இங்கே' உள்ள பாலஸ்தீன ரபிமார் அதைக் கொலைகாரனைப் பற்றியதாக எடுத்துக்கொள்கிறார்கள். அவன் எங்கள் கைக்கு வந்து நாங்கள் தண்டிக்காமல் விட்டுவிடவில்லை, அவனைப் பார்த்தும் வழக்கை மழுப்பிவிடவில்லை.

பிரசங்கங்களில் முதல் விளக்கம்தான் அதிகம் பேசப்படும். விருந்தோம்பல், கருணை எல்லாம் வருகிறதே. இரண்டாவதுதான் அதிகாரத்தில் இருப்பவர்களைச் சுடும் என்று நினைக்கிறேன். சாப்பாடு போடாதது தவறுதான், ஆனால் அதை எந்த மூப்பரும் மன்னிப்புக் கேட்டுக் கடந்துவிடலாம். போனதடவை இதே ஆள் நம் முன்னால் நின்றான், சாட்சி பத்தவில்லை என்று நாம்தான் அனுப்பினோம் என்று ஒரு மூப்பருக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தால், அவர் அந்தப் பள்ளத்தில் வாயைத் திறக்கவே முடியாது.

மைமோனிடிஸ் இதை வேறு வழியில் பிடிக்கிறார். 'குழம்பியவர்களுக்கு வழிகாட்டி'யின் மூன்றாம் பாகம், 40ஆம் அத்தியாயம். பெரியவர்கள் கயிற்றோடு வருகிறார்கள், அளக்கிறார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், ஊரே வேடிக்கை பார்க்கிறது, பேச்சு கிளம்புகிறது, யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பார். போதாததற்கு அந்தப் பள்ளத்து நிலத்தில் இனி எப்போதும் விவசாயம் செய்யக்கூடாது என்பதால், நிலத்துக்காரன் தன் நிலத்தைக் காப்பாற்றவாவது கொலைகாரனைத் தேடிக் கண்டுபிடிப்பான். இன்சென்டிவ் டிசைன்! 12ஆம் நூற்றாண்டில்! ஒரு எஞ்சினியருக்கு இதைவிடப் பிடித்த உரை இருக்க முடியாது. ஆனால் இது வசனத்திலுள்ள வினைச்சொல்லை 'இனிமேல் உழப்படாத' என்று எடுத்துக்கொள்வதில் தொங்குகிறது. 'இதுவரை உழப்படாத' என்று படித்த ரபியும் தல்மூத்தில் இருக்கிறார். இதுவரை உழாத ஓடைப்பள்ளம் போனால் யாருக்கு நஷ்டம்? 13ஆம் நூற்றாண்டில் நாக்மனிடிஸ் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: தந்திரம் நல்லதுதான், அப்படியானால் விளையும் நல்ல வயலிலேயே செய்திருக்கலாமே. அவர் பக்கம்தான் நான், மனசில்லாமல்.

மைமோனிடிஸ் சொன்னதில் ஒன்று மட்டும் நிற்கிறது. கிடாரி ஃபைலை மூடுவதில்லை. மிஷ்னாப்படி பிடரி முறிக்கும் முன் கொலைகாரன் அகப்பட்டால் கிடாரி மந்தைக்கே திரும்பிப் போய் மேயலாம். முறித்தபின் அகப்பட்டால் கிடாரியைப் புதைத்துவிடவேண்டும், அவனுக்கான தண்டனை அப்படியே இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. இந்தச் சட்டத்துக்கு முந்தைய 20ஆம் அதிகாரமும், இதை அடுத்து வரும் பகுதியும் போர்ச் சட்டங்கள். 20ஆம் அதிகாரத்தில் கானானிய நகரங்களில் மூச்சுள்ள எதையும் உயிரோடு விடக்கூடாது என்ற கட்டளை இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் பெயர் தெரியாத ஒரே ஒரு பிணத்துக்காகக் கயிறு பிடித்து அளக்கிறார்கள். போரின் நடுவே தனி மனித உயிரின் மதிப்பை நினைவூட்டவே இந்த வரிசை என்று சிலர் சொல்கிறார்கள். அழகான வாதம்தான். அந்த நகரங்களில் செத்தவர்களுக்கு எந்த ஊரிலிருந்து அளப்பது என்று யாரும் கேட்கவில்லை என்பதை அது மாற்றவில்லை.

கடைசியில் இந்தச் சடங்கு நின்றுபோன கதை. கொலைகாரர்கள் பெருகியபோது கிடாரிச் சடங்கு ஒழிந்தது என்கிறது மிஷ்னா, எலியேசர் பென் தினாய் என்ற பெயரையும் சொல்கிறது. யோசேபஸும் குறிப்பிடுகிற கொள்ளைத் தலைவன், 50களில் ரோம ஆளுநர் பேலிக்ஸிடம் பிடிபட்டவன். முதலில் படித்தபோது எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. கொலை கூடினால் சடங்கும் கூடத்தானே வேண்டும்? பாபிலோனிய தல்மூத் காரணம் சொல்கிறது: சடங்கு சந்தேகத்துக்கு மட்டும்தான். வெளிப்படையாகக் கொல்கிறவர்கள் பெருகிவிட்டபோது அதற்கு இடமில்லை. கொன்றது யாரென்று ஊருக்கே தெரியும். அப்போது எந்த மூப்பர் அந்தப் பள்ளத்தில் நின்று கண்கள் பார்க்கவில்லை என்று சொல்வார்? சொன்னால் பிலாத்து ஆகிவிடுவார். தெரியாது என்பது நிஜமாகவே தெரியாததாக இருக்கும்வரைதான் அந்தத் தண்ணீருக்கு வேலை. பொய்யாகச் சொல்ல வைப்பதைவிடச் சடங்கையே நிறுத்தியது, என் வாசிப்பில், ரபிமார் இந்தச் சட்டத்துக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை.

யோமா பகுதியில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. எருசலேம் ஆலயத்தில் இரண்டு இளம் ஆசாரியர்கள், பீடத்துச் சாம்பலை அள்ளும் பணி யாருக்கு என்று சரிவுப்பாதையில் போட்டி போட்டு ஓடுகிறார்கள். முந்திவந்தவனை மற்றவன் கத்தியால் குத்திவிடுகிறான். ரபி சாதோக் மண்டபத்துப் படிகளில் நின்று கூட்டத்தைக் கேட்கிறார்: கிடாரியை யார் கொண்டுவருவது, நகரமா, ஆலயப் பிராகாரமா? எல்லாரும் கதறி அழுகிறார்கள். அப்போது குத்துப்பட்டவனின் தகப்பன் வருகிறான், பையனுக்கு இன்னும் துடிப்பு இருக்கிறது, அதனால் கத்தி தீட்டாகவில்லை என்று சொல்கிறான். அவர்களுக்கு இரத்தம் சிந்துவதைவிடப் பாத்திரத்தின் தீட்டு பெரிதாகிவிட்டது என்று தல்மூத் சேர்த்துக்கொள்கிறது.

பிறகு அதற்கே உரிய பிடிவாதத்தோடு ஆட்சேபம் எழுப்புகிறது. எருசலேம்தான் கிடாரி கொண்டுவராதே? அதோடு, குத்தினவன் யாரென்று எல்லாருக்கும் தெரியுமே? அப்புறம் சாதோக் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார்? அதற்கு அது சொல்கிற பதில் ரொம்பச் சின்னது. அழுகையை அதிகமாக்க.